கடகடக்கும் முன்சக்கரம்: வாசலிலேயே வைத்தியம்!

பொழுது விடியும் முன் பெங்களூர் கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட் பக்கம் போனால் பழைய வேன்களின் அணிவகுப்பையே பார்க்கலாம். ஒன்றில் ஓசூர் பக்கத்துப் பூ மூட்டை, இன்னொன்றில் கீரைக்கட்டு, மற்றொன்றில் கல்யாணச் சமையல் பாத்திரம். அந்தக் கூட்டத்தில் மாருதி ஆம்னி தப்பாமல் கண்ணில் படும். தமிழ்ப் படங்களில் வில்லனின் ஆட்கள் கதாநாயகியைக் கடத்த ஓட்டி வருவார்களே, அதே வண்டிதான்!

1984-ல் விற்பனைக்கு வந்த இந்த வேன் 35 ஆண்டுகள் தயாராகி 2019-ல் நிறுத்தப்பட்டது. தயாரிப்புதான் நின்றதே தவிர ஓட்டம் நிற்கவில்லை. அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் சந்துகளில் பெரிய வண்டி நுழையாத இடத்திலும் இது நுழைந்துவிடும். 796 சி.சி. என்ஜின், ஏறத்தாழ 800 கிலோ எடை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. இந்த ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பமே பிழைப்பதும் உண்டு.

அப்படிப் பிழைக்கும் குடும்பத்தை மிரட்டுவது முன்பக்கத்திலிருந்து எழும் 'கடகட' சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரு 'டொக்'. பிரேக் போட்டால் இன்னொரு 'டொக்'. வண்டியைப் பட்டறையில் விட்டால் இரண்டு, மூன்று நாள் வருமானம் போய்விடுமே என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வருமானக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் சக்கரம் நடுரோட்டில் சாய்ந்தால் ஆகும் செலவை அந்தக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

ரயில் பெட்டிகளுக்குக் கெடு உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நாள் வந்துவிட்டால் ஒர்க்ஷாப்புக்குப் போயே தீரவேண்டும். அங்கே சக்கரமும் ஸ்பிரிங்கும் கழற்றிப் பார்க்கப்படும். சொந்த வேனுக்கு அப்படி நாள் குறிக்க யாரும் இல்லை. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் பலர் முதல்முறையாக வண்டியின் அடிவயிற்றைக் குனிந்து பார்க்கிறார்கள்.

அடியில் என்ன இருக்கிறது?

ஆம்னியின் முன்பக்கத்தில் இருப்பது 'மெக்ஃபர்சன் ஸ்டிரட்' என்னும் அமைப்பு. எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது. 1950-ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கம்பெனி வெளியிட்ட கான்சல், செஃபிர் கார்கள் மூலம் பிரபலமாயிற்று. ஷாக் அப்சர்பரும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். குறைந்த இடம், குறைந்த உருப்படி. சின்ன வண்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

தூணுக்குக் கீழே 'லோயர் ஆர்ம்' என்னும் இரும்புக் கை. அதன் ஒரு முனை ரப்பர் புஷ் வழியாக வண்டியின் அடித்தளத்தைப் பிடித்திருக்கும். மறுமுனையில் பால் ஜாயிண்ட். நமது தோள் மூட்டைப் போலக் கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. அதுதான் சக்கரத்தைத் தாங்கியபடியே திரும்பவும் விடுகிறது. இவை தவிர, கை முன்னும் பின்னும் போகாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கம்பியும், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் 'டை ராடு' என்ற கம்பியும் உண்டு.

இவற்றில் உயிர் காக்கும் உருப்படி பால் ஜாயிண்ட். அதன்மேல் மெல்லிய ரப்பர் உறை ஒன்று இருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும்; மழைக்காலத்தில் பெங்களூர்ச் சாலைக் குழிகளில் தேங்கும் சேறு உள்ளே புகும். பிறகு உருண்டை நாளுக்கு நாள் தேயும். ஒருநாள் கிண்ணத்தை விட்டே வெளியே வந்துவிட்டால் சக்கரம் சாய்ந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. ஆம்னியில் என்ஜின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது வெறும் தகரமும் கண்ணாடியும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நோய் எங்கே?

சத்தம் கேட்டவுடன் ஷாக் அப்சர்பரை மாற்றிவிடுவது பலரின் பழக்கம். பணம் செலவாகும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். பல சமயம் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் புஷ்ஷாக இருக்கும். எது தேய்ந்தது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. வீட்டு வாசலில் ஒரு மணி நேரமும், உதவிக்கு ஓர் ஆளும் போதும்.

முதலில் இடம். பெங்களூர் மேடும் பள்ளமுமான ஊர். சரிவான தெருவில் ஜாக்கி போடுவது ஆபத்து. சாக்கடை மேல் மூடியிருக்கும் கல்பலகையின் மீதும் போடக்கூடாது. பாரம் தாங்காமல் கல் உடைந்தால் வண்டி இறங்கிவிடும். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, அதன் பிறகுதான் தூக்க வேண்டும்.

தூக்கியதும் அடித்தளத்தின் கெட்டியான பாகத்தில் இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியின் வேலை தூக்குவது மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்று செங்கல்லையோ சிமெண்ட் பிளாக்கையோ அடுக்குவது இன்னும் மோசம். அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் உழைக்கும்.

இப்போது சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது சக்கர பேரிங். எது என்று எப்படிச் சொல்வது? உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் தெரிந்துவிடும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினால் அந்த ஆட்டம் கண்ணாலேயே தெரியும். சக்கரத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு தேய்ந்திருக்கிறது. அல்லது ஸ்டியரிங் பெட்டியில் குறை. ரப்பர் புஷ்களை டயர் லீவரால் நெம்பிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். ஸ்டிரட் மேல் எண்ணெய் வழிந்த கறை இருந்தால் மட்டுமே ஷாக் அப்சர்பரின் காலம் முடிந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கழற்றும் பக்குவம்

முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 12 முதல் 19 வரை நல்ல ரிங் ஸ்பேனர்கள், இரண்டு சுத்தியல், ஒரு பழைய டிரே. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக இருந்து காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால், அதை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கிவைக்க வேண்டும்.

பால் ஜாயிண்ட்டைப் பிரிப்பதில்தான் கைத்திறன். அதன் தண்டு கூம்பு வடிவத்தில் இறுகியிருக்கும். தண்டின் முனையில் ஓங்கி அடித்தால் மரை கெடும், தண்டு வராது. நட்டை முழுதும் எடுத்துவிடாமல் இரண்டு சுற்று விட்டு, தண்டு நுழையும் இரும்புக் கண்ணின் இரு பக்கங்களிலும் ஒரே சமயத்தில் இரண்டு சுத்தியலால் தட்டினால் 'டக்' என்று விடும். பழைய மெக்கானிக்குகள் இதைத்தான் செய்கிறார்கள். கவட்டை போன்ற உளியைச் செருகிப் பிரிக்கலாம்தான். ஆனால் அது ரப்பர் உறையைக் கிழிக்காமல் விடாது. மீண்டும் அதே ஜாயிண்ட்டை மாட்டுவதானால் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால், வீல் அலைன்மெண்ட் கடைக்குப் போகும் வரையாவது வண்டி நேராக ஓடும்.

தேய்ந்த புஷ்ஷை வெளியேற்ற பெஞ்ச் வைஸ் போதும். வசதியில்லாவிட்டால் லோயர் ஆர்மை மட்டும் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப்போனால் பிரஸ்ஸில் வைத்துச் சில நிமிஷங்களில் மாற்றித் தருவார்கள். புதுப் புஷ் நுழைய சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

தொடக்கூடாத நட்டு

வாசலில் எல்லா வேலையும் செய்யலாம், ஒன்றைத் தவிர. ஸ்டிரட்டின் உச்சியில், நடுவில் ஒரு நட்டு இருக்கிறது. அமுக்கி அடைத்த ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த நட்டுதான். நிற்கும் வண்டியில் ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய 200 கிலோவைத் தாங்குகிறது. ஸ்டிரட்டைக் கழற்றி வெளியே எடுத்த பிறகும் ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்துவிடுவதில்லை. நடு நட்டைத் திருகிவிட்டால் அது பாய்ந்து வரும் வேகத்தில் தாடை உடையும், கண் போகும். உயிரே போவதும் நடக்கக்கூடியதுதான். கயிற்றால் கட்டி, மனைவியின் பழைய சேலையைச் சுற்றிச் சமாளிக்கலாம் என்று எண்ணுவது விபரீதம்.

இதற்கு நடைமுறை வழி ஒன்று உண்டு. ஸ்டிரட்டை வண்டியோடு பிணைக்கும் சுற்று நட்டுகளையும் கீழ்ப் போல்ட்டுகளையும் கழற்றி, ஸ்பிரிங்கோடு முழுத்தூணாகவே வெளியே எடுத்து, ஆட்டோவில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவது. அங்கே ஸ்பிரிங் கம்ப்ரஸரில் வைத்து அமுக்கி ஷாக் அப்சர்பரை மாற்றித் தருவார்கள். வண்டி வாசலிலேயே நிற்கும். தரவேண்டியது அந்த ஒரு வேலைக்கான கூலி மட்டும்தான். மாற்றுவதானால் இடதும் வலதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

ஜே.சி. ரோடு பயணம்

உதிரிபாகத்துக்குப் பெங்களூரில் ஜே.சி. ரோடு இருக்கக் கவலையேன்? மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயர் கொண்ட அந்தச் சாலை நெடுக உதிரிபாகக் கடைகள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. வண்டியின் ஆண்டைச் சொன்னால் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஓடும் வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கலாம்.

ஸ்டியரிங், பால் ஜாயிண்ட் வகையறாக்களில் 1929-ல் சென்னையில் தோன்றிய ராணே நிறுவனமும், ஷாக் அப்சர்பரில் 1961-ல் தொடங்கி ஓசூரிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் கேப்ரியல் நிறுவனமும் பெயர் பெற்றவை. அவற்றின் பெயரை ஒட்டிய போலிகளும் சந்தையில் வராமலில்லை. விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைந்திருந்தால், பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறினால், அடுத்த கடைக்கு நடப்பதே மேல். சிவாஜிநகர் குஜிரியில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம், தப்பில்லை. பழைய பால் ஜாயிண்ட்டை மட்டும் அங்கே வாங்கக் கூடாது. இன்னொரு வண்டியில் எத்தனை குழி பார்த்து வந்ததோ!

இறக்கிய பிறகே இறுக்கம்

பட்டறைகளிலும் அவசரத்தில் விட்டுப்போகிற ஒரு நுட்பம் உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. அப்போது லோயர் ஆர்ம் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த முறுக்கிலேயே வேலை செய்து, சீக்கிரத்தில் கிழியும். "புதுப் புஷ்ஷும் நிற்கவில்லையே, கம்பெனி மோசம்" என்று புலம்புவதற்குக் காரணம் பல சமயம் இதுதான். போல்ட்டுகளைக் கைப்பிடிப்பாக மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, முன்பக்கத்தை நாலுதரம் அமுக்கிவிட்டு, மறுபடி பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அதன் பிறகு இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

பால் ஜாயிண்ட் நட்டில் ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டைச் சற்று மேலும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. பின் புதியதாக இருக்கட்டும். பழைய பின்னை நிமிர்த்தி மாட்டுவதில் மிச்சமாவது சில்லறைக் காசுதான்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்து, இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே வீல் அலைன்மெண்ட் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் புது டயரும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரம் தேய்ந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியதும், அதாவது ஓசூருக்கு ஒரு தடவை போய் வந்து உள்ளூரிலும் கொஞ்சம் சுற்றியபின், எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை சோதித்துவிடலாம். கழற்றிய பழைய இரும்பைக் குஜிரிக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார். பால் ஜாயிண்ட்டைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுக் கொடுத்தால், அது இன்னொருவர் வண்டியில் ஏறாது.