உணவு விடுதியும் உண்பவர் உரிமையும்

வேலையின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு உணவு விடுதி என்பது வெறும் பொழுதுபோக்கு இடமன்று. தனி அறையில் தங்கியிருக்கும் இளைஞருக்கு அதுவே சமையலறை. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் அவர்களை அழைத்துச் சென்று உபசரிக்கும் கூடமும் அதுவே. ஆகையால் அங்கு நேரும் சிறு குறையும் மனத்தைப் பெரிதும் உறுத்துகிறது. கேட்டது ஒன்று, வந்தது மற்றொன்று; நெடுநேரம் காத்திருந்தும் கவனிப்பார் இல்லை; இறுதியில் வரும் பில்லிலோ எதிர்பாராத தொகைகள். உள்ளூர் மொழி சரளமாக வராத காரணத்தால் பலர் வாய் திறவாமல் பணத்தை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த மௌனம் பெருந்தன்மையினால் வருவதன்று. எதைக் கேட்கலாம், எவரிடம் கேட்கலாம் என்பது தெரியாமையினால் வருவது. அதனை விளக்குவதே இங்கு நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உணவு விடுதியில் நமக்கு நேரும் ஏமாற்றங்கள் இருவகைப்பட்டவை. வழக்கங்கள் வேறுபடுவதால் வருபவை ஒருவகை. முறைகேட்டினால் வருபவை மற்றொரு வகை. முன்னதைப் புரிந்துகொண்டால் போதும். பின்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வழக்க வேறுபாட்டிற்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறலாம். பெங்களூரில் 1980-களில் தோன்றிப் பெருகிய 'தர்சினி' வகைச் சிற்றுண்டிச் சாலைகளில் மேசைக்கு வந்து பரிமாறுபவர் எவரும் இலர். கல்லாவில் பணம் கட்டிச் சீட்டுப் பெற்று, அதனைச் சமையற்கட்டின் வாயிலில் கொடுத்து, தட்டைத் தாமே வாங்கி, நின்றபடியே உண்பது அங்கு முறை. இதனை அறியாதவர் 'ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லையே' என்று வருந்துவார். மும்பையில் கூட்டம் மிகுந்த உடுப்பி ஓட்டல்களில் நாம் அமர்ந்திருக்கும் மேசையிலேயே முன்பின் அறியாத ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்துவார்கள். அது அவமதிப்பு அன்று, இட நெருக்கடி. வட மாநிலங்களில் 'தாலி' என்றால் தட்டில் வைத்துத் தரும் சாப்பாடு. நம் ஊரில் முழுச் சாப்பாடு என்றும் அளவுச் சாப்பாடு என்றும் இருப்பது போலவே, அங்கும் வேண்டுமளவு பரிமாறும் தாலியும் உண்டு, எண்ணி வைக்கும் தாலியும் உண்டு. முன்னதாகக் கேட்டறியாமல் மறுசோறு கேட்டால் அதற்குத் தனி விலை வந்து சேரும். குஜராத்தியப் பருப்பிலும் கர்நாடகத்துச் சாம்பார் பலவற்றிலும் வெல்லம் சேர்ப்பது வழக்கம். இனிக்கிறது என்று திருப்பி அனுப்புவது நியாயமாகாது. இவற்றிற்கெல்லாம் மருந்து ஒன்றே. அமர்ந்தவுடன் இரண்டொரு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். மனக்கசப்பு பெரும்பாலும் முற்றுவது பில் வந்த பிறகே. ஆகவே பில்லைப் படிக்கத் தெரிந்திருத்தல் முதல் தேவை.

பில்லில் உணவின் விலை, வரி, விடுதியின் பதிவு எண்கள் ஆகியவை இருக்கும். சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, குளிர்சாதன வசதியுள்ள விடுதிக்கு 18 சதவீதம், அது இல்லாத விடுதிக்கு 12 சதவீதம் என்று இருந்தது. 2017 நவம்பர் 15 முதல் அந்த வேறுபாடு நீங்கி, பொதுவாக 5 சதவீதம் என்றாயிற்று. இது மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று இரு வரிகளாகப் பில்லில் காணப்படும். இருமுறை வரி வாங்கிவிட்டார்கள் என்று மயங்க வேண்டாம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளையுடைய பெரிய ஓட்டல்களுக்குள் அமைந்த உணவுக்கூடங்களில் மட்டும் வரி 18 சதவீதம். வரி வாங்கும் விடுதி தன் 15 எழுத்தெண் கொண்ட வரிப் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும். மேலும், 'காம்போசிஷன்' என்னும் எளிய வரித் திட்டத்தில் சேர்ந்த சிறு விடுதிகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. எண் இல்லாமல் வரி மட்டும் இருக்குமானால் காரணம் கேட்பது நம் உரிமை.

அடுத்தது, பலரையும் குழப்பும் 'சர்வீஸ் சார்ஜ்' எனப்படும் சேவைக் கட்டணம். இது அரசு விதிக்கும் வரியன்று. அரசுக்குச் செல்வதும் அன்று. விடுதியார் தாமாகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதனைத் திட்டவட்டமாக விளக்கியுள்ளன. எந்த விடுதியும் இக்கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்த்தல் கூடாது. வேறு பெயரில் வாங்குதலும் கூடாது. கொடுப்பதும் கொடாததும் உண்பவர் விருப்பம் என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுக்க மறுப்பவரை உள்ளே விடமாட்டோம் என்றோ பரிமாற மாட்டோம் என்றோ சொல்லக் கூடாது. அதனை உணவின் விலையோடு கூட்டி, கூட்டிய தொகைக்கு வரி போடுதலும் கூடாது. இந்நெறிகளை எதிர்த்து விடுதி உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன. டில்லி உயர் நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. ஆயினும் 2025 மார்ச் 28-இல் அளித்த தீர்ப்பில் அந்நீதிமன்றம் நெறிகள் செல்லும் என்றே முடிவு கூறியது. அதன்மேல் சங்கங்கள் முறையீடு செய்தன.

இதில் எவ்வளவு பணம் போகிறது என்று ஒரு சிறு கணக்கால் காண்போம். இருவர் 600 ரூபாய்க்கு உண்டனர் என்று கொள்வோம். 5 சதவீத வரி 30 ரூபாய். ஆக 630 ரூபாய். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்த்தால் 60 ரூபாய் கூடி 660 ஆகிறது. அதன்மேல் வரி 33 ரூபாய். ஆக 693 ரூபாய். ஒருவேளை உணவில் 63 ரூபாய் மிகுதி. நாள்தோறும் வெளியில் உண்பவருக்கு மாதக் கடைசியில் இது சிறு தொகையன்று.

தண்ணீர்ப் புட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குகிறார்களே என்று நம்மிற் பலர் வாதிடுவதுண்டு. ஆனால் விடுதிகள் வெறும் பண்டத்தை மட்டும் விற்கவில்லை, இடமும் பணியும் சேர்த்தே அளிக்கின்றன என்பதால், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 12-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே இங்கு வாதத்தால் பயனில்லை. முன்யோசனையே பயன் தரும். கேளாமலே மேசைமேல் வைக்கும் புட்டியைத் திறவாமல் திருப்பிக் கொடுத்து, சாதாரணக் குடிநீர் வேண்டும் எனச் சொல்லுதல் நலம்.

சுத்தமும் பண்டத்தின் தரமும் வேறொரு சட்டத்தின்பாற் பட்டவை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. இதன்படி விடுதிகள் பெறும் 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண், 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அச்சிடப்பட வேண்டும். கெட்டுப்போன உணவு, புழு பூச்சி கிடந்த உணவு, சைவம் கேட்டவருக்கு அசைவம் வைத்தல் ஆகியவை நேர்ந்தால் இந்த எண்ணே புகாருக்கு ஆதாரம். தட்டை எடுத்துச் செல்லும் முன் புகைப்படம் எடுத்து, பில்லையும் பத்திரப்படுத்தி, மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்கலாம்.

இனி, குறையை எவ்வாறு சொல்வது என்பதைக் கவனிப்போம். சொல்ல வேண்டிய நேரம், உணவு வந்தவுடனே. பாதிக்குமேல் உண்ட பிறகு 'நன்றாக இல்லை' என்றால் கேட்பவருக்கு நம்பிக்கை வராது. சொல்ல வேண்டிய ஆள், முதலில் பரிமாறுபவர். அவரால் ஆகாதாயின் மேலாளர் அல்லது கல்லாவில் இருப்பவர். சொல்ல வேண்டியது, நடந்த செய்தி ஒன்றே. 'இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்' என்று தொடங்கிவிட்டால் வழக்கு உணவைப் பற்றியதாக இராது, ஊரைப் பற்றியதாகிவிடும். உள்ளூர் மொழியில் நான்கு வாக்கியங்களைப் பழகி வைத்துக்கொள்வது பெரிதும் உதவும். இந்தி வழங்கும் இடங்களில் 'பில் சே சர்வீஸ் சார்ஜ் ஹட்டா தீஜியே' என்று அமைதியாகச் சொன்னால், பல இடங்களில் மறுபேச்சின்றி வேறு பில் கொண்டுவந்து விடுவார்கள்.

அங்கேயே தீராத குறைக்கு அடுத்த படி, தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி. எண் 1915. இதில் 17 மொழிகளில் பேசலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. கௌஹாத்தியில் இருந்தாலும் ஆமதாபாதில் இருந்தாலும் நம் குறையைத் தாய்மொழியிலேயே எடுத்துரைக்கலாம் என்பது புலம்பெயர்ந்தோர்க்கு ஒரு பெரிய சௌகரியம். இங்கு நீதி விசாரணை இல்லை. விடுதியாரிடம் புகாரை எடுத்துச் சென்று சமரசமாகத் தீர்க்க முயல்வார்கள்.

அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. நாடு முழுவதற்குமான முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதன்படி, எதிர்த் தரப்பார் இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் வழக்கிட முடியும். பயணத்தின்போது ஓரிரவு தங்கிய ஊரில் நேர்ந்த குறைக்காக மீண்டும் அவ்வூருக்குச் செல்வார் யார்? 2020 ஜூலை 20-இல் பொதுவாக நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தடையை நீக்கியது. புகார் செய்பவர் தாம் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்கிடலாம். ஜெய்ப்பூரில் நேர்ந்த குறைக்குப் புனேயிலிருந்தே முறையிடலாம் என்று பொருள். 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை; இணையத்தின் வழியாகவும் புகாரைப் பதியலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். ஆனால் ஐம்பது ரூபாய் வேறுபாட்டிற்கெல்லாம் ஆணையம் வரை செல்வது காலவிரயமாகலாம். 1915 வரை சென்றாலே அவற்றிற் பல தீர்ந்துவிடும்.

உரிமையைப் பேசிய நாம் கடமையையும் மறத்தல் ஆகாது. நம் இலக்கியங்கள் போற்றும் விருந்தோம்பல், விலை வாங்காமல் செய்வது. உணவு விடுதியில் நாம் விருந்தினர் அல்லர், விலை கொடுப்பவர். எனவே அன்பை அங்கு உரிமையாகக் கேட்க முடியாது. சரியான பண்டம், சரியான கணக்கு, மரியாதையான பேச்சு, இம்மூன்றையும் கேட்கலாம். அதே மரியாதைக்கு நம் மேசையருகே நிற்பவரும் உரியவரே. அவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ பிழைப்புத் தேடி வந்தவர். நம்மைப் போலவே அவ்வூர் மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்றவர். சமையற்கட்டில் நேர்ந்த தாமதத்திற்கும் முதலாளி சேர்த்த கட்டணத்திற்கும் அவர் பொறுப்பல்லர். நம் கோபம் முதலில் விழுவதோ அவர் மீதுதான்.

ஆகவே பில்லில் சேர்த்த சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்பவர், மனம் நிறையப் பரிமாறியவருக்குத் தம்மால் இயன்றதை நேரே கையில் கொடுத்துவிட்டு வருதல் நன்று. கட்டாயத்தின் பேரில் கொடுப்பதை மறுக்க நமக்கு உரிமை உண்டு. விருப்பத்தின் பேரில் கொடுப்பதைத் தடுப்பவர் எவரும் இல்லை.