அப்பா கார், பிள்ளை கார்: இரண்டு வால்வோக்கள் சொல்லும் பாடம்

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில், பயிற்சிக்காகச் சுவீடனின் கோதன்பர்க் நகரில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். உடன் பணியாற்றிய நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்திருந்தார். வாசலில் இரண்டு வால்வோ கார்கள். ஒன்று அவருடைய அப்பாவின் ‘அமேசான்’. மற்றது அவருடைய ‘240’. “அப்பா கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு, பிள்ளை கார் செங்கல் மாதிரி இருக்கே!” என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். இரண்டையும் வடிவமைத்தவர் யான் வில்ஸ்கார்ட் என்ற ஒருவரே என்று பிறகுதான் தெரிந்தது.

அமேசான் 1956 முதல் 1970 வரை தயாரானது. வளைந்த உடல், பளபளக்கும் முகப்பு. ஆனால் அதன் உண்மையான பெருமை உள்ளே இருக்கிறது. போர் விமான இருக்கைகளில் அனுபவம் பெற்ற நில்ஸ் போலின் என்ற பொறியாளர் உருவாக்கிய மும்முனை சீட் பெல்ட், 1959இல் இந்த வகைக் காரில் வந்தது. இடுப்பெலும்பு, மார்புக்கூடு ஆகிய வலுவான இடங்களில் அது உடலைப் பிடிக்கும். ஒரு கையாலேயே மாட்டலாம். அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. இன்று நம் கார்களில் இருப்பது அதுதான்.

240 வந்தது 1974இல். 1993 வரை ஓடியது. அதன் நீண்ட மூக்கு அழகுக்காக அல்ல. மோதினால் முன்பகுதி மடங்கிக் கொடுக்கும், நடுவில் ஆட்கள் இருக்கும் கூடு கெட்டியாக நிற்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 10 செ.மீ. தூரத்தில் நின்றால், உடல்மேல் ஏறும் விசை எடையைப்போல் சுமார் 100 மடங்கு. முன்பகுதி மடங்கி 50 செ.மீ.யில் நின்றால் அது சுமார் 20 மடங்காகக் குறையும். பெல்ட் போட்டவருக்குத்தான் இந்தக் கணக்கு. போடாதவர், வண்டி நின்ற பிறகும் அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னே பறப்பார்.

எது உயர்ந்த கார் என்று கேட்டால் என் பதில் இதுதான்: அப்பா கார் பிடித்துக்கொள்ளக் கற்றுத்தந்தது, பிள்ளை கார் விட்டுக்கொடுக்கக் கற்றுத்தந்தது. ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? போன பொங்கலுக்கு ஊருக்குக் காரில் போனோம். பின் சீட்டில் யாரும் பெல்ட் போடவில்லை. பேத்தி என் மகள் மடியில். சொன்னதற்கு, “புது வண்டி மாமா, ஏர்பேக் இருக்கு” என்றார் மாப்பிள்ளை. ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணைதான், மாற்று இல்லை. பத்து கிலோ குழந்தை அந்த ஒரு நொடிக்குள் 200 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்?

தர்மபுரி தாண்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். எல்லோரும் மாட்டினோம். ஊர் திரும்பியதும் பேத்திக்கென்று தனி இருக்கை வாங்கியாயிற்று. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் நம் குடும்பங்களும், சாவியைத் திருகும் முன் பின் சீட்டை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.