அந்த ஒரு அடி
மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை தங்கம் தேடிப் போன கோலார் தங்கவயல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டிய சிக்கல் இது: தொங்குகிற கேஜில் பத்திரமாகக் காலை வைப்பது எப்படி? உயரமான பாய்மரப் படகில் ஏறுகிறவர்களும் இன்றுவரை இதற்குத்தான் விடை தேடுகிறார்கள்.

கோலார் தங்கவயல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் மேலே இருக்கும் ஊர். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் வேலைக்குப் போன இடம் கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடி, தரையிலிருந்து சுமார் 3.2 கிலோமீட்டர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களின் வரிசையில் அது நெடுங்காலம் இருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன தமிழ், தெலுங்குக் குடும்பங்கள்தான் அதைத் தோண்டின. பெரும்பாலோர் தலித்துகள்.

தங்கவயலைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஆழத்தைச் சொல்வார்கள். பாறை வெடிப்பைச் சொல்வார்கள். அடிமட்டத்தில் பாறையின் சூடு 65 டிகிரியைத் தாண்டும் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆழத்துக்குப் போகுமுன், ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு ஆளும் செய்ய வேண்டியிருந்த ஒரு காரியத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. அசையாத தரையிலிருந்து, அசைகிற ஒரு இரும்புக் கூண்டுக்குள் அடியெடுத்து வைப்பது.

இதில் என்ன இருக்கிறது, லிப்டில் ஏறுவது மாதிரிதானே என்று தோன்றலாம். லிப்டின் கயிறு ஐம்பது, நூறு மீட்டர். சுரங்கத்தில் அது கிலோமீட்டர் கணக்கு. எஃகுக் கயிறும் நீளும், ரப்பர் போல, ஆனால் மிகக் கொஞ்சமாக. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறு, இரண்டு கிலோமீட்டர் நீளம். அதன் நுனியில் தொங்கும் கேஜில் முப்பது பேர் ஏறுகிறார்கள். கயிறு அரை மீட்டருக்கு மேல் நீண்டுவிடும். அதாவது ஒவ்வோர் ஆள் ஏறும்போதும் கேஜின் தளம் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே போகும். முதல் ஆள் தரையோடு தரையாக நடந்து போனால், கடைசி ஆள் முழங்கால் உயரப் பள்ளத்தில் இறங்க வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு காலடிக்கும் கூண்டு ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடும். கூண்டுக்கும் பாறைச் சுவருக்கும் இடையில் ஒரு இடைவெளி. அதற்குக் கீழே மீதி சாஃப்ட்.

கயிற்றை இழுக்கும் எந்திரத்தை ஓட்டுகிறவர் மேலே, எந்திர அறையில் இருக்கிறார். கீழே யார் ஏறுகிறார்கள், யாருடைய கால் உள்ளே, யாருடைய கால் வெளியே என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் இருப்பது ஆழம் காட்டும் முள்ளும், மணியோசையும் மட்டுமே. இத்தனை தட்டு தட்டினால் நிறுத்து, இத்தனை தட்டினால் இறக்கு, இத்தனை தட்டினால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்ற மணிமொழிதான் முப்பது உயிருக்கும் அவருக்கும் இடையிலான பேச்சு.

கார்ன்வால்காரர்களின் ஏணி

ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் தங்கவயலுக்குள் நுழைந்தபோது, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்களைக் கூட்டிவந்தது. தகரமும் செம்பும் தோண்டிப் பழகியவர்கள். ஏறுவது, இறங்குவது பற்றி அவர்களுக்கு ஒரு பெரிய சோகக் கதையே தெரியும்.

கார்ன்வாலில் ஆரம்பத்தில் ஏணிதான். வேலை முடிந்த களைப்போடு நூற்றுக்கணக்கான மீட்டர் ஏணியில் ஏறியே வெளியே வரவேண்டும். இதயமும் நுரையீரலும் இதிலேயே தேய்ந்துபோயின. ஏணிக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று 1830-களில் அறிவித்தார்கள். விளைவாக 1842-இல் டிரெசாவியன் சுரங்கத்தில் வந்ததுதான் 'மேன் எஞ்சின்'. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் ஏற்கனவே இருந்த யோசனை. சாஃப்ட் முழுக்க ஒரு நீண்ட உத்தரம். அது பன்னிரண்டு அடி மேலே போகும், பன்னிரண்டு அடி கீழே வரும். அதில் பன்னிரண்டு அடிக்கு ஒரு சிறு பலகை. சுவரிலும் அதே இடைவெளியில் பலகைகள். உத்தரம் மேலே போகும்போது அதன் பலகையில் நில். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது சுவர்ப் பலகைக்குத் தாவு. அடுத்த பலகை வந்ததும் மறுபடி தாவு. ஏணியை விட எவ்வளவோ மேல் என்று கொண்டாடினார்கள். ஆனால் கூட்டிப் பார்த்தால், ஒரு நாளுக்கு ஒரு தடவை எடுத்த ஆபத்தான அடியை நூற்றுக்கும் மேற்பட்ட தடவையாக்கிய கருவி அது. 1919 அக்டோபர் 20 அன்று லெவான்ட் சுரங்கத்தில் அந்த உத்தரத்தின் மேல் இணைப்பு முறிந்தது. 31 பேர் இறந்தார்கள்.

(லெவான்ட் கடற்கரையில் இருந்தது. அதன் பாதைகள் அட்லாண்டிக் கடலின் அடியில் போயின. கார்ன்வால்காரனுக்குக் கடலும் சுரங்கமும் அவ்வளவு பக்கம்.)

தங்கவயலின் ரீஃப் மேற்கு நோக்கிச் சாய்ந்து இறங்குவது. அதனால் ஆரம்பகால சாஃப்டுகள் பலவும் தங்கத்தின் பின்னாலேயே சாய்வாகப் போனவை. தண்டவாளத்தில் ஓடும் ஸ்கிப்தான் வாகனம். பாறையை மேலே கொண்டுவரத்தான் ஸ்கிப் உண்டானது. சாஃப்ட் வெட்டும்போது இறக்கும் வாளியும் அப்படியே. உலகெங்கும் சாஃப்ட் வெட்டியவர்கள் அந்த வாளியின் விளிம்பில் ஒரு காலையும் கயிற்றில் ஒரு கையையும் வைத்துப் போய்வந்தார்கள். பாறைக்கு என்று செய்த வாகனத்தில் மனிதன் தொற்றிக்கொண்டு போன காலம் அது. வாசல், கூரை, கைப்பிடி எல்லாம் பிறகு வந்தவை, சட்டம் கேட்டதால் வந்தவை.

ஆழம் கூடக் கூட நேர்க்குத்தான வட்டச் சாஃப்டுகள் வந்தன. சாம்பியன் ரீஃபின் கிஃபோர்ட்ஸ் சாஃப்ட் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரே கயிற்றில் போக முடியாது, கயிறு தன் எடையைத் தானே தாங்க வேண்டுமே. எனவே பூமிக்குள்ளேயே இறங்கி, நடந்து, பூமிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு சாஃப்டில் மறுபடி ஏற வேண்டும். சென்ட்ரலில் இறங்கி இன்னொரு ரயிலைப் பிடிப்பது போல. அந்த ஒரு அடி இங்கே இரண்டு அடி, மூன்று அடியானது. அதுவும் திரும்பி வரும்போது எட்டு மணி நேரம் வியர்த்து, கால் தள்ளாடும் நிலையில்.

கேஜைக் கட்டிப்போடு

இந்த ஆட்டத்துக்குச் சுரங்க எஞ்சினியர்கள் கண்ட வழி எளிமையானது. ஏறும் இடத்தில் சுவரிலிருந்து இரும்புத் தாங்கிகள் நீளும். கேஜ் அவற்றின் மேல் உட்காரும். கயிற்றின் நீட்சி பற்றிய கவலை இல்லை, தளம் ஆடாது. ஆனால் இந்த வசதிக்கும் விலை உண்டு. உட்கார்ந்த கேஜின் மேல் கயிறு தளர்ந்து கிடக்கும்போது தாங்கியை இழுத்துவிட்டால், கேஜ் சட்டென்று விழுந்து கயிற்றை வெட்டி இழுக்கும். இறங்கிவரும் கேஜுக்குக் குறுக்கே தாங்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது அதைவிட மோசம். ஆகவே ஆழமான சுரங்கங்களில் பல இடங்களில் இன்னொரு வழிக்குப் போனார்கள்: கேஜை ஆடவிடு, ஆனால் தரைக்கும் கேஜுக்கும் நடுவில் கீல் வைத்த ஒரு பலகையைப் போடு. கேஜ் இறங்க இறங்கப் பலகையும் சாயும். படிக்குப் பதில் சரிவு. களைத்த காலுக்குச் சரிவு எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இதோடு மூன்று சாதாரணச் சங்கதிகள். ஆட்கள் ஏறும்போது பிடிக்க உள்ளே ஒரு கம்பி. ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு. ஏற்றிவிட ஒரு ஆள். அவர் சைகை தராமல் கேஜ் நகராது. உயிரைக் காப்பாற்றியதில் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு இருக்க வேண்டும்.

அந்த வாசல் வழியாகத்தான் விஞ்ஞானமும் இறங்கியது. பம்பாயின் டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் 1951-இல் காஸ்மிக் கதிர்களை அளக்கத் தங்கவயலுக்குள் போனார். 1965-இல் சாம்பியன் ரீஃபில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் பதிவானது. உலகில் முதலில் அதைக் கண்ட குழுக்களில் அதுவும் ஒன்று. ஆழம் தந்த பெருமை. ஆனால் எவ்வளவு பெரிய கருவியானாலும் கேஜில் அடங்கும் துண்டுகளாகத்தான் கீழே போயாக வேண்டும்.

இனி கடலுக்கு வருவோம். பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்று மிதக்கும் மேடை ஓரம் கட்டியிருக்கிறது. அதன் விளிம்பு தண்ணீரிலிருந்து நான்கு அடிக்கு மேல். மேடை ஒன்றரை அடி. நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர், அதற்கு மேல் கம்பி வேலி. உள்ளே நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும் என்பதற்காகப் படகுகளின் பக்கங்கள் வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. இருபது வயதில் எகிறிக் குதித்தவர்களுக்கு அறுபது வயதில் மூட்டு இடம் கொடுப்பதில்லை. மேடையை உதைத்து எம்பும்போது படகு விலகுகிறது. கால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. கேஜில் நடந்த அதே கதை.

வழியும் அதேதான். முதலில் படகைக் கட்டிப்போட வேண்டும்: முன்னும் பின்னும் கட்டியது போதாது, நடுவிலிருந்து ஒரு கயிறு இறுக்கமாக. பிறகு உயரத்தைப் பாதியாக்க வேண்டும்: மேடையில் ஒரு படிப்பெட்டி, அல்லது படகின் பக்கத்தில் தொங்கவிடும் ரப்பர் படி. கம்பி வேலியில் ஒரு திறப்பு. கைக்குப் பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பி. வேலியின் குட்டைத் தூண்களைப் பிடிக்கக் கூடாது, அவை வளையும். பல புதிய படகுகளில் பின்பக்கத்தையே தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் படியாக்கிவிட்டார்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை என்றாலும், முழங்கால் பிசகும்வரை யாரும் செய்வதில்லை.

தண்ணீரில் விழுந்தவர் திரும்பி ஏறுவதுதான் இதில் உயிர்ப் பிரச்னை. நனைந்த உடை, விறைத்த கை. ஏணியின் கடைசிப் படி தண்ணீர் மட்டத்திலேயே நின்றுவிட்டால் காலை அதுவரை தூக்க முடியாது. படி தண்ணீருக்குள் நன்றாக இறங்க வேண்டும், விழுந்தவரே கீழிருந்து அதை இழுத்து விரிக்கவும் முடிய வேண்டும். 2018-இல் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டுக் கிடந்தார் கடற்படையின் அபிலாஷ் டோமி. அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது முதல் பாதி. செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பலின் ஆட்கள் ரப்பர் படகில் வந்து, அசையக்கூடாத மனிதரை அசையும் படகிலிருந்து ஸ்ட்ரெச்சரில் மாற்றியது இரண்டாம் பாதி. அவர் மறுபடி தனியாகக் கடலுக்குப் போய் 2023-இல் அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது வேறு கதை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 'தாரிணி'யில் உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் கரையில் கால் வைக்கும் அந்த அடியில் கைப்பிடி வேண்டும்தான்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. பம்புகள் நின்றன, ஆழங்களில் தண்ணீர் ஏறியது. சயனைடு மண் மேடுகள் மட்டும் ஊர் நடுவே நிற்கின்றன. கேஜ் மணிக்கு எழுந்த ஊர் இப்போது ரயிலுக்கு எழுகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களுக்காகப் போட்ட அதே கிளைப் பாதையில், ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

ரயில் பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர். ரயில்வேயின் கணக்கில் உயரமான பிளாட்பாரம் என்பதே 76 முதல் 84 சென்டிமீட்டர்தான். நடுவில் அரை மீட்டர், ஓரத்தில் ஒரு இடைவெளி. கேஜில் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டியிருந்த அதே அரை மீட்டர், இங்கே மேல்நோக்கி. பாறைத் தூசி நுரையீரலில் தங்கிவிட்ட முதியவர் ஒருவருக்கு, பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில், வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் அந்த உயரத்தை ஏறியாக வேண்டும். கேஜ் வாசலில் அவரை ஏற்றிவிட்டு மணி தட்ட ஒரு ஆள் இருந்தார்.