கோட்டைக்குள் பன்னிருவர்

ஒரு கட்சியிலே சேர்ந்திருப்பவர்கள் சுபாவத்திலும் ஒத்திருக்க வேண்டுமென்று நம் தேசத் தொண்டர்களிற் பலர் எதிர்பார்க்கிறார்கள். ஒருவர் முன்கோபி, இன்னொருவர் வாய் திறவாதவர், மற்றொருவர் எதையும் கேலி செய்பவர் என்று கண்டவுடன், இவர்களோடு எங்ஙனம் வேலை செய்வது என்று ராஜிநாமாக் கடிதம் எழுத உட்கார்ந்து விடுகிறார்கள். கொள்கை வேற்றுமையென்று மேடையிற் சொல்லப்படுவதிற் பாதி, உண்மையில் சுபாவ வேற்றுமையே என்பது நமது அபிப்பிராயம். அத்தகைய நண்பர்கள் அகமத்நகர்க் கோட்டையின் சரித்திரத்தை ஒருமுறை சிந்திக்க வேண்டுகிறோம்.

1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, ஆங்கிலேயர் வெளியேற வேண்டுமென்ற தீர்மானத்தை நிறைவேற்றிற்று. மௌலானா அபுல் கலாம் ஆசாத் தலைமை வகித்தார். ஜவஹர்லால் நேரு பிரேரேபித்தார். வல்லபாய் படேல் ஆமோதித்தார். மறுநாள் பொழுது விடியுமுன் எல்லோரும் கைது செய்யப்பட்டனர். காந்தியடிகளைப் பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகையில் வைத்துவிட்டு, காரியக் கமிட்டியாரை அகமத்நகருக்குக் கொண்டுபோயினர். முன்னொரு காலத்தில் சாந்த் பீபி அக்பரின் சேனையை எதிர்த்து நின்ற கோட்டை அது. அதனுள் அடைபட்டவர் பன்னிருவர்.

அவர்கள் எப்படிப்பட்டவர்கள்! ஜவஹர்லால் பொறுமையற்றவர்; ஒரு கணம் சும்மாயிருக்க மாட்டார். வல்லபாயோ அளந்து பேசுகிற விவசாயியின் மகன். குடல் நோயால் வருந்தியவர். பேசினால் சொல் தைக்கும். கிருபளானியின் பரிகாசம் எவரையும் விடாது. நரேந்திர தேவர் பௌத்த சாஸ்திரங்களில் ஆழ்ந்த சோஷலிஸ்டு. பட்டாபி சீதாராமய்யா, கோவிந்த வல்லப பந்த், ஆசப் அலி, சையத் மஹ்மூத், சங்கரராவ் தேவ், பிரபுல்ல சந்திர கோஷ், ஹரேகிருஷ்ண மஹதாப் ஆகியோர் ஏனையோர். குஜராத்தி, தெலுங்கு, வங்காளம், ஒரியா, மராத்தி, உருது என்று பாஷைகளும் பல. ஆரம்பத்தில் பத்திரிகையும் இல்லை, கடிதமும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு போக்கிடமில்லை.

மௌலானாவின் வழக்கமே ஒரு தனி வழக்கம். விடியுமுன் எழுந்து, தாமே தம் கையால் சீனத் தேயிலையைக் காய்ச்சி, தனிமையில் அருந்துவார். தேநீரில் பால் கலப்பது அவருக்குப் பெரும் அபசாரம். (நம் காப்பி அன்பர்களைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ!) அந்த விடியற்காலைத் தனிமையிற் பிறந்த கடிதங்களே பின்னர் உருது இலக்கியத்தில் இடம்பெற்றன. ஜவஹர்லால் கடப்பாறையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, இடிந்த கட்டிடங்களின் கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த அம்மண்ணைக் கொத்திப் பூந்தோட்டம் போட்டார். பட்டாபி நாட்குறிப்பு எழுதினார். ஒருவர் விருப்பத்தை மற்றவர் மேல் திணிக்கவில்லை என்பதே முக்கியம்.

1943 ஏப்ரலில் மௌலானாவின் மனைவி கல்கத்தாவில் காலமானார். நோய் முற்றியிருந்தபோதே, சர்க்காரிடம் தாம் எக்கோரிக்கையும் செய்வதில்லையென்று அவர் உறுதி கூறிவிட்டார். ஜவஹர்லால் வந்து பேசிப் பார்த்தார், மௌலானா இசையவில்லை. அந்த வைராக்கியம் சரியா என்று நமக்குச் சந்தேகமுண்டு. ஆயினும் அவர் சுபாவம் அது.

சோதனை வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. 1944-ல் சையத் மஹ்மூத் தோழர்களுக்குத் தெரிவிக்காமல் வைஸ்ராய்க்கு ஒரு கடிதம் எழுதி, அவ்வருஷம் அக்டோபரில் விடுதலையானார். இரண்டு வருஷம் உடனிருந்தவர் இவ்வாறு செய்ததைக் கேட்டு உள்ளேயிருந்தவர்களின் மனம் கசந்ததில் வியப்பில்லை. ஜவஹர்லாலோ தம் நெடுநாளைய நண்பரைக் கைவிட்டுவிடவில்லை. சுதந்திரத்திற்குப் பிறகு, 1954-ல், தம் கீழிருந்த வெளிநாட்டு இலாகாவிலேயே அவரை ராஜாங்க மந்திரியாக அமர்த்திக்கொண்டார். இதைப் பலவீனமென்பாரும் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை.

சிறைவாசம் பன்னிருவரையும் உயிர்த் தோழர்களாக்கிவிட்டதென்று சொன்னால் அது பொய். 1946-ல் வெளியான 'டிஸ்கவரி ஆப் இந்தியா' என்னும் நூலை ஜவஹர்லால் கோட்டைத் தோழர்களுக்கே சமர்ப்பித்தார். ஆனால் முகவுரையில், பேச்சினால் தமக்குத் தெளிவு தந்தவர்களென்று ஆசாத், பந்த், நரேந்திர தேவர், ஆசப் அலி ஆகிய நால்வரையே விசேஷமாகக் குறிப்பிடுகிறார்; வல்லபாய் அவர்களுள் இல்லை. மௌலானாவோ, தாம் மறைந்தபின் 1959-ல் வெளியான நூலில், வல்லபாயின் மேல் கடுமையான குறைகளைச் சொல்லியிருக்கிறார். ஒரே கோட்டைக்குள் இரண்டரை வருஷத்திற்கு மேல் வாழ்ந்தும் அவர்களிடை இருந்த இடைவெளி மூடவில்லை.

1947 ஆகஸ்டு 15-ந் தேதி பதவியேற்ற மந்திரி சபையிலே ஜவஹர்லால் பிரதம மந்திரி. வல்லபாய் உதவிப் பிரதமரும் உள்நாட்டு மந்திரியும். மௌலானா கல்வி மந்திரி. 1950 டிசம்பர் 15-ந் தேதி வல்லபாய் கண்மூடும் வரையில் மூவரும் ஒரே மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தனர்.