இடுப்பு வலிக்குத் தியானமா?

விழுப்புரம் பக்கத்துப் பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். அங்கே சுவர் ஓவியத்தில் பார்வதி ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்பாள். என் பெரியம்மா அவளைப் பார்த்துச் சொல்வார்: "அவளுக்கென்னப்பா, இடுப்பு வலியா ஒண்ணா! நான் அப்படி நின்னா யார் தூக்குறது?"

பெரியம்மாவுக்கு ஒன்பது வருஷமாக இடுப்பு வலி. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஆச்சு. 'ஆபரேஷன் தேவையில்லை' என்றார்கள். தினம் வலி மாத்திரை போட்டதில் வயிற்றில் புண். 'இப்படியே போனால் கிட்னிக்கும் ஆபத்து' என்ற டாக்டர், தியானம் பழகச் சொன்னார். பெரியம்மாவுக்கு வந்ததே கோபம்! "அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றாரா?"

இல்லவே இல்லை. வலி நிஜம். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில், அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புகளும் மூளையும் அபாய மணியை நிறுத்துவதில்லை. பயம், கவலை, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து சத்தத்தைக் கூட்டுகின்றன. தியானம் கை வைப்பது அங்கேதான்.

விபாசனா தியானத்தை 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த எஸ்.என்.கோயங்காவின் கதையே தலைவலியில்தான் ஆரம்பிக்கிறது. பர்மாவில் பெரிய வியாபாரி. ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போடும் நிலைமை. வெளிநாட்டு வைத்தியமும் பலிக்கவில்லை. 1955-ல் ரங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். அவரோ, வெறும் தலைவலிக்காக என்றால் சொல்லித்தர மாட்டேன் என்று மறுத்துவிட்டாராம்! மனசைச் சுத்தம் செய்ய வந்தால், தலைவலி தானாகப் போனால் போகட்டும் என்பது அவர் கட்சி. பிறகு கோயங்காவுக்குத் தலைவலியும் போனது, மார்ஃபினும் போனது.

ஒருவர் அனுபவம் எல்லாருக்கும் பொருந்துமா? 1979-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் இதை மதச்சார்பில்லாத எட்டு வாரப் பயிற்சியாக ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தார். அந்தப் பயிற்சியை நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 342 பேரை வைத்துச் சோதித்த முடிவு 2016-ல் வெளியானது. ஆறு மாதத்தில், வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு நடமாட்டம் சுலபமானது. தியானம் பழகியவர்களில் 60 பேருக்கு. மனநல ஆலோசனைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பலன்தான். ஆக, மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

எப்படிச் செய்வது? சம்மணம் போட்டே ஆகணும் என்று கட்டாயமில்லை. படுத்துக்கொள்ளுங்கள். மூச்சைக் கவனியுங்கள். பிறகு கால் கட்டைவிரலிலிருந்து தலை வரை மனசை மெதுவாக நகர்த்துங்கள். வலிக்கும் இடம் வந்தால் ஓடாதீர்கள். எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். முதலில் பத்து நிமிஷம் போதும். மனசு கடைத்தெருவுக்குப் போனால் திரும்பக் கூப்பிடுங்கள். போகத்தான் செய்யும்!

ஆனால் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்து வந்தாலோ தியானத்தில் உட்காராதீர்கள். உடனே டாக்டரிடம் ஓடுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், பத்து நாள் மௌன முகாம்களுக்குப் போகும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

பெரியம்மா? முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாதம் செய்தார். போன பங்குனியில் பனமலைப் படியேறினார். நாலு இடத்தில் உட்கார்ந்தார். "வலி இருக்குப்பா. இருந்துட்டுப் போகட்டும், நீ சொம்புத் தண்ணிய எடு" என்றார்.