கோல்ஃப் மன்றமும் திருமண மண்டபமும்: கழிவுநீருக்கு வழி காணல்

ஊருக்கு வெளியே, பாதாளச் சாக்கடை எட்டாத இடத்தில் ஒரு கோல்ஃப் மன்றம் இருப்பதாகக் கொள்வோம். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளி. நடுவே ஒரு கட்டடம். அதில் சமையலறையும் குளியலறைகளும் கழிப்பறைகளும். வாரநாள்களில் வருவோர் சிலரே. போட்டி நாளிலோ பல நூற்றுவர் கூடுவர். இம்மன்றத்தின் கழிவுநீரை எவ்வழியில் அகற்றுவது என்னும் வினா பொறியாளர்க்குப் பழகியதொன்று. திருச்சிராப்பள்ளியில் இருந்துகொண்டு கோல்ஃப் மன்றத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். அதே சிக்கலை அதே வடிவில் உடையவை நம் திருமண மண்டபங்கள். புல்வெளிதான் அவற்றிற்கு இல்லை.

முதலில் நீரின் அளவைக் காண்போம். ஆளுக்கு 30 லிட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 1,000 பேர் கூடும் திருமணத்தில் ஒரே நாளில் 30,000 லிட்டர் கழிவுநீர் சேரும். மறுநாள் மண்டபம் பெருக்கிப் பூட்டப்பட்டிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான மண்டபங்களில் மணவிழாக்களே இரா. (திருவரங்கம் இதற்கு ஓரளவு விலக்கு, வைகுண்ட ஏகாதசிக்கு வருவோர் தங்க இடம் வேண்டுமே!) எனவே, ஆண்டுச் சராசரியைக் கொண்டு தொட்டி கட்டுபவர் ஏமாந்துபோவார்.

நம்மவர் உடனே நாடுவது செப்டிக் தொட்டியும் உறிஞ்சுகுழியும். தொட்டி கழிவைத் தூய்மையாக்கிவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர், அது சரியன்று. கனத்த பொருள் அடியில் படிகிறது. எண்ணெய் மேலே மிதக்கிறது. இடைப்பட்ட நீர் நோய்க்கிருமிகளோடுதான் வெளியேறுகிறது. அதனைத் தூய்மையாக்குவது மண். துகள்களுக்கிடையே காற்று உலவும் உலர்ந்த மண்ணில் நீர் மெல்லக் கசியும்போது, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. கிருமிகளுள் பெரும்பகுதி மண்ணில் சிக்கி மடிகிறது. ஆகவே குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்திற்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் உலர்மண்ணேனும் இருத்தல் நன்று.

திருவரங்கத்தில் அது கிடைப்பது அரிது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இத்தீவு ஆற்றுவண்டலால் ஆனது. திருவானைக்கா கோயிலின் கருவறையில் நீர் ஊறிக்கொண்டிருப்பதை யாவரும் அறிவர். நிலத்தடி நீர் இங்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. போதாக்குறைக்கு, மணல் நீரை விரைந்து இறக்கிவிடும். உறிஞ்சுகுழி நன்றாக ‘இழுக்கிறது’ என்று உரிமையாளர் மகிழ்வார். இழுத்த நீர் தூய்மையாகாமலே நிலத்தடி நீரோடு கலக்கிறது. திருச்சிராப்பள்ளி மாநகருக்குக் குடிநீர் தருபவை காவிரி, கொள்ளிட மணற்படுகைகளில் அமைந்த கிணறுகளே என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும்.

அடுத்த வழி, காற்றூட்டித் தூய்மையாக்கும் சிறு நிலையம். விற்பனையாளர் பலரும் இதனைத்தான் பரிந்துரைப்பர். ஆனால் இதன் உயிர் நுண்ணுயிர்க் கூட்டத்தில் உள்ளது. அவற்றிற்கு நாள்தோறும் உணவும் இடையறாத காற்றும் வேண்டும். பத்து நாள் பட்டினி, பதினோராம் நாள் பிரியாணி எண்ணெயோடு பெருவெள்ளம் என்றால் அவை தாங்கா. மின்தடை வேறு. விட்டுவிட்டு இயங்கும் நிறுவனத்திற்கு இதனைத் தனியாக அமைப்பது பணத்தை நீரில் கரைப்பதாகும் என்பதே என் கருத்து. முன்னால் ஒரு தேக்கத்தொட்டி கட்டி, 30,000 லிட்டரை நாளுக்கு 10,000 லிட்டராக மூன்று நாளில் பகிர்ந்து விட்டால் நிலைமை ஓரளவு சீராகும்.

நிலம் மிகுந்த இடத்திற்கு ஏற்றவை குட்டைகள். திருச்சி நகரின் பாதாளச் சாக்கடை நீர் பஞ்சப்பூரில் நெடுங்காலம் இம்முறையிலேயே தூய்மையாக்கப்பட்டுக் கோரையாற்றில் விடப்பட்டது. வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் கூடிச் செய்யும் வேலை அது. மின்சாரம் மிகக் குறைவாகவே வேண்டும். நீர்வரவு கூடினாலும் குறைந்தாலும் பெரிய குட்டை பொறுத்துக்கொள்ளும். கோல்ஃப் மன்றத்திற்கு இது பொருந்துவதன் காரணம் இப்போது விளங்கும். தூய்மையான நீரைப் புல்லுக்கே பாய்ச்சலாம். அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் உரச்செலவைக் குறைக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் 1977 முதல் தனிக்குழாய்களில் இத்தகைய நீரை வழங்கி வருகிறது. அங்குள்ள கோல்ஃப் திடல்களும் அதனைப் பெறுகின்றன. கிருமிநீக்கம் செய்தபின், ஆள் நடமாட்டமில்லாத இரவு நேரத்தில் தெளிப்பதே முறை. உப்பு மண்ணில் தங்காதபடி வடிகாலும் வேண்டும்.

புல்வெளியோ இடமோ இல்லாத திருவரங்க மண்டபத்திற்கு, பாதாளச் சாக்கடை எட்டுமிடத்தில் அதனோடு இணைவதே தக்கது. சமையலறை நீருக்குத் தனியே ஓர் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும், விழா நாளின் நீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக விட ஒரு தொட்டியும் இருந்தால் போதும். சாக்கடை எட்டாவிடில், அடியும் சுவரும் கசியாத தொட்டியில் சேர்த்து, கழிவுநீர் ஊர்தி வாயிலாக அனுப்பலாம். ஊர்திகள் கொண்டுவருவதை நீரேற்று நிலையங்களில் இறக்கிப் பஞ்சப்பூருக்குச் செலுத்தும் ஏற்பாடு திருச்சியில் உண்டு. செலவு மிகுதிதான். எனினும் ஊர்தி வாய்க்கால் கரையில் கொட்டாமல் உரிய இடத்திற்கே சென்றதா என்று கேட்டறிவது மண்டபத்தாரின் கடமை. தொட்டிக்குள் ஆளை இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. நச்சுவாயு தாக்கி உயிரிழந்தோர் தமிழ்நாட்டில் பலர்.

எவ்வழியைத் தேர்வதாயினும் வரைபடம் போடுமுன் செய்ய வேண்டியவை இரண்டு. மண்டபத்தின் முன்பதிவுப் பேரேட்டை எடுத்து, ஓராண்டில் எந்தெந்த நாளில் எத்தனை பேர் கூடினர் என்று எண்ணுதல் ஒன்று. மற்றொன்று, மனையில் ஒரு சோதனைக் குழி தோண்டி நீர்மட்டம் பார்த்தல். இதனைச் சித்திரையில் செய்தால் குழி வறண்டு காணும்; கொத்தனாரும் மகிழ்வார். ஆறு பெருகி ஓடி, மழையும் பெய்த ஐப்பசியிலோ கார்த்திகையிலோ தோண்டிப் பார்க்க வேண்டும்.