இளம் புற்றுநோயாளிகள்: வலியைக் கேட்டறிவது யார்?

புது தில்லி: பெங்களூரில் மாரத்தஹள்ளியிலிருந்து வைட்ஃபீல்ட் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது "கருணாஸ்ரயா". முற்றிய நிலைப் புற்றுநோயாளிகளுக்குக் கட்டணமின்றி வலிதணிப்பு சிகிச்சை அளிக்கும் இல்லம் இது. இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகப் பிரிவும் இந்திராநகர் ரோட்டரி சங்கமும் இணைந்து 1994-ல் தொடங்கிய அறக்கட்டளை, 1999-ல் இவ்வில்லத்தைத் திறந்தது.

இத்தகைய சிகிச்சை யாருக்கு, எப்போது தேவை என்பதைக் கண்டறிவதில்தான் சிக்கல். உலகில் ஆண்டுதோறும் 5.68 கோடி பேருக்கு இது தேவைப்பட்டாலும், 14 சதவீதத்தினரே பெறுகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இளையோரின் நிலை:

15 முதல் 39 வயது வரையுள்ளோரிடம் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. "இந்த வயதில் கைவிடலாமா?" என்ற தவிப்பில், வலிதணிப்பு என்ற சொல்லையே தவிர்க்கின்றனர் பெற்றோர். மருத்துவர்களும் தயங்குகின்றனர். விளைவு, கடைசி வாரங்களில்தான் பரிந்துரை வருகிறது.

ஆனால், வலிதணிப்பு என்பது கைவிடுதல் அல்ல. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே, புற்றுநோய் சிகிச்சையுடன் சேர்த்து வழங்கப்பட வேண்டியது அது. வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை அளந்து குறிப்பது முதல் படி. தடைபட்ட படிப்பு, பறிபோகும் வேலை, அதனுடன் முடிந்துபோகும் நிறுவனக் காப்பீடு, திருமணம், குழந்தைப்பேறு குறித்த அச்சம், மகனிடம் உண்மையை மறைக்கும் குடும்பம் ஆகியவற்றையும் கேட்டறிவது அடுத்த படி. எத்தனை நாள் வாழ்வார் என்பதல்ல, இன்று என்ன தேவை என்பதே அளவுகோல்.

சட்டம் சொல்வது:

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், பல உரிமங்களுக்கு அஞ்சி மார்ஃபின் வைத்திருப்பதையே மருத்துவமனைகள் தவிர்த்தன. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றின. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கு ஒற்றை அனுமதி போதும் என்ற நிலை உருவானது. 2012-லேயே தேசிய வலிதணிப்பு சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்டது. எனினும், சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், செயல்பாடு மாநிலங்களின் அக்கறையைப் பொருத்தே அமைகிறது.

எல்லையில் ஓர் இடைவெளி:

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிலேயே வலிதணிப்பு சிகிச்சையும் உண்டு. அதே மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, அங்கேயே சிகிச்சை பெறும் இளைஞர் எந்த மாநிலத்தின் பதிவேட்டில் இடம்பெறுவார்? சொந்த ஊர் திரும்பும்போது அவரது வலிக் குறிப்பும் மார்ஃபின் சீட்டும் உள்ளூர் சுகாதார நிலையத்தை எட்ட வேண்டும்.

சட்டம் திருத்தப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நோயாளியின் வலியை ஒவ்வொரு வருகையிலும் கேட்டுப் பதிவு செய்யப் புதிய மசோதா எதுவும் தேவையில்லை. இரு மாநில சுகாதாரத் துறைகளின் உத்தரவே போதும்.